அதிகாலையில் விழுந்த 73 வயதுப் பெண்: விழும் அபாய மதிப்பீடு, முழு நிகழ்வு ஆய்வு

வயது 73, பெண். ஊர் காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். மகன், மருமகள், கல்லூரிக்குப் போகும் பேத்தி ஆகியோரோடு பழைய ஓட்டுவீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டு, ரத்தக்கொதிப்பு வந்து 11 ஆண்டு. ஐப்பசி மழையில் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து கொல்லைக் கழிவறைக்குப் போனவர், அதன் வாசலிலேயே விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு நாள் வார்டில் இருந்தார். மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்த காரணம்: ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. அதன்பின் கைப்பயிற்சிக்கு வந்தபோதுதான், மார்கழித் தொடக்கத்தில், ஏன் விழுந்தார் என்ற கேள்வி முறையாக எழுந்தது.

(இது தனி ஒருவரின் மருத்துவக் குறிப்பு அன்று. இந்த வயதினரிடம் அடிக்கடி சேர்ந்தே காணப்படும் கூறுகளைக் கொண்டு பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு. சோதனை முறைகளும் எல்லை அளவுகளும் இன்று நடைமுறையில் உள்ளவை.)

தரை ஈரமாக இருந்தது உண்மைதான். ஆனால் அதே ஈரத்தில் அன்று காலை இன்னும் மூன்று பேர் நடந்தார்கள், அவர்கள் விழவில்லை. மற்றவர்களால் சமாளிக்க முடிந்த ஈரத்தை இவரால் ஏன் சமாளிக்க முடியவில்லை என்பதைத்தான் மதிப்பீடு தேட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். எலும்பைச் சேர்த்துக் கட்டிவிட்டு, விழ வைத்த காரணத்தைத் தொடாமல் வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த முறிவு இடுப்பிலேயே ஆகலாம்.

கேள்வி கேட்கும் முறை

2022-இல் வெளியான உலக விழுதல் தடுப்பு வழிகாட்டுதல்கள் மூன்று கேள்விகளோடு தொடங்கச் சொல்கின்றன. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறதா? எளிய கேள்விகள்தான், ஆனால் நேராகக் கேட்டால் நேரான பதில் கிடைக்காது. அடிபடாத விழுதலை யாரும் விழுதலாகக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. 'ஓராண்டு' என்பதும் நினைவில் நிற்காது. ஒரு பண்டிகையைக் குறிப்பிட்டுக் கேட்டால் நிற்கும்.

"அம்மா, போன பொங்கல்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் வேற எங்கயாவது கீழ விழுந்தீங்களா?"

"இல்லய்யா, அந்த ஒரு தடவதான்."

"கால் தடுக்கியோ மடங்கியோ அப்படியே தரையில உக்காந்த மாதிரி எதாவது?"

"அது ஆடி மாசம் நெலப்படி தடுக்கி உக்காந்துட்டேன். அடி ஒண்ணும் படல. புள்ளகிட்ட சொல்லல. சொன்னா கோயிலுக்குக்கூட விடமாட்டான்."

ஆக, ஓராண்டில் இரண்டு முறை. அதில் ஒன்றில் எலும்பு முறிவு. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே அவர் உயர் அபாயப் பிரிவில் சேர்ந்துவிடுவார். நினைவிழந்து விழுந்தவர், விழுந்தபின் தானாக எழ முடியாமல் தரையிலேயே கிடந்தவர், உடல் நலிந்தவர் ஆகியோரும் அதே பிரிவுதான். அதற்கு மேல் மதிப்பெண் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. நேரே முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும்.

கடைசிப் பதிலில் இன்னொன்றும் இருக்கிறது. மகனுக்குத் தெரிந்தால் வெளியே விடமாட்டான் என்ற பயம்தான் பல வீடுகளில் விழுந்ததை மறைக்க வைக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளை முதலில் தனியாகக் கேட்க வேண்டும்; குடும்பத்தாரை அடுத்துக் கேட்கலாம்.

விழுந்த விதத்தையும் நொடி நொடியாகக் கேட்டு வாங்க வேண்டும். எங்கே போய்க்கொண்டிருந்தார், எழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, கண் இருட்டியதா, விழும்போது கையை ஊன்றினாரா, கீழே கிடந்தபோது கண்ணில் பட்டது என்ன? கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர் விழும்போது பெரும்பாலும் நினைவோடு இருந்திருப்பார். முகத்திலும் நெற்றியிலும் அடி, கையில் ஒரு கீறலும் இல்லை என்றால் நினைவிழந்து விழுந்திருக்கலாம். அப்போது இதயத்தின் பக்கம் தேட வேண்டும். இவர் கையை ஊன்றியது நினைவிருக்கிறது. ஈசிஜி-யிலும் கோளாறு இல்லை. "கதவுகிட்ட போறப்ப கண்ணு லேசா மங்குச்சு, அதுக்குள்ள கால் போயிடுச்சு" என்றார். எழுந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தலைசுற்றல் என்று அவர் சொன்னதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறையே சுழன்றால் காதின் உட்பகுதியில் பிரச்சினை. அதைக் கண்டறியத் தலையைத் திருப்பிப் படுக்க வைக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையும், சரிசெய்ய எப்லி முறையும் உண்டு. இவருக்குப் புரளும்போது ஒன்றுமில்லை, டிக்ஸ்-ஹால்பைக் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிரும்போதும், கட்டிலைவிட்டு எழும்போதும்தான் 'கிர்ரென்று' வருகிறது. இப்படிச் சொல்பவருக்கு அடுத்துச் செய்ய வேண்டியது, நிற்க வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பது.

படுத்தும் நின்றும்

பதினோரு ஆண்டாக இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தது எல்லாம் நாற்காலியில் உட்கார வைத்துத்தான். கடைசிச் சீட்டில் 138/80. கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதி அதே மாத்திரைகளைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

சரியான முறை இது. ஐந்து நிமிடம் அமைதியாகப் படுக்க வைத்து ஒரு அளவு எடுக்க வேண்டும். பட்டையை அவிழ்க்காமலே எழுந்து நிற்கச் சொல்லி, நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்றும் மூன்று நிமிடத்தில் ஒன்றும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பையும் குறிக்க வேண்டும். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால், அல்லது நின்றபின் மேல் அளவு 90-க்குக் கீழே போனால், அது நிலை மாறும்போது வரும் ரத்த அழுத்தச் சரிவு. தலை சுற்றவில்லை என்று அவர் சொன்னாலும் சரிவு சரிவுதான். வயதானவர்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது.

இவருக்குப் படுத்த நிலையில் 148/82, நாடி 72. ஒரு நிமிடத்தில் 122/74. மூன்று நிமிடத்தில் 118/70, நாடி 78. மேல் அளவு 30 இறங்கியிருக்கிறது, நாடி ஆறுதான் ஏறியிருக்கிறது. அழுத்தம் இவ்வளவு சரிந்தால் இதயம் வேகமெடுத்து ஈடுகட்ட வேண்டும். நாடி ஏற்றத்தை அழுத்த இறக்கத்தால் வகுத்தால் 0.2 வருகிறது. இந்த எண் 0.5-க்குக் கீழே இருந்தால் நாடியையும் அழுத்தத்தையும் தானாகச் சீராக்கும் தன்னியக்க நரம்புகளே பழுதாகியிருக்கலாம் என்று நினைக்க வேண்டும். 16 ஆண்டுச் சர்க்கரை நோயில் அது எதிர்பார்க்கக் கூடியதே. எனவே மாத்திரையை மாற்றினால் சரிவு குறையும், ஆனால் முற்றாகப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்களிடம் இந்தக் கணக்குச் செல்லாது. மருந்தே நாடியை அடக்கி வைத்திருக்கும்.

இந்தச் சோதனையில் வழக்கமாக நடக்கும் தவறுகள் சில உண்டு. படுக்க வைக்க இடமில்லை என்று உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குவது: சரிவில் ஒரு பகுதி தப்பிவிடும். நிற்கும்போது கையைத் தொங்கவிடுவது: கை இதய மட்டத்துக்குக் கீழே இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், சரிவு மறைந்துவிடும், முன்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நண்பகலில் ஒரு முறை பார்த்துச் சரி என்று விட்டுவிடுவது: சரிவு அதிகாலையிலும் சாப்பிட்ட பிறகும்தான் மிகும். இவர் விழுந்தது நாலரை மணிக்கு என்பதால், வீட்டில் மருமகளைக் கொண்டு காலை எழுந்தவுடன் மூன்று நாள் அளவு எடுக்கப்பட்டது. ஒரு நாள் சரிவு 38.

மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தல்

சீட்டை மட்டும் கேட்கக் கூடாது. வீட்டிலிருக்கும் மாத்திரைப் பையை அப்படியே எடுத்து வரச் சொல்லி, மேசையில் கொட்டி, எது எப்போது, யார் எழுதியது, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இந்தப் பையில் ஏழு வகை இருந்தன.

சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 மி.கி. இரு வேளை. அதற்கே கிளிமெபிரைடு 2 மி.கி. காலையில். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மி.கி. காலையில். அதற்கே டெல்மிசார்டன் 40 மி.கி.-யும், சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயாசைடு (சுருக்கமாகத் தயாசைடு) 12.5 மி.கி.-யும் சேர்ந்த மாத்திரை இரவில். கால் எரிச்சலுக்குப் பிரிகபாலின் 75 மி.கி. இரவில். தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25 மி.கி. இரவில். ஏழாவது, சின்னரிசின் 25 மி.கி. இரு வேளை. இதை இப்போதைய எந்தச் சீட்டிலும் காணோம். 14 மாதத்துக்கு முன்னே தலைசுற்றல் என்று போனபோது பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தது. பிறகு காலி அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இரவுக்கென்றே மூன்று மாத்திரை. ஒன்று அழுத்தத்தைக் குறைத்து, சிறுநீரையும் கூட்டுகிறது. மற்ற இரண்டும் மந்தப்படுத்துகின்றன. சிறுநீருக்காக இரவில் நான்கு முறை எழுகிறார். நான்கு முறையும் அரைத்தூக்கத்தில், அழுத்தம் சரிந்த நிலையில் நடக்கிறார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், பையைக் கொட்டினாலே போதும்.

சின்னரிசினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. இந்த மருந்து மூளையில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். முதியவர்கள் மாதக்கணக்கில் எடுத்தால் பார்க்கின்சன் நோயைப் போலவே நடையும் கையும் மாறும். இவருடைய நடையில் அது கண்ணுக்கே தெரிந்தது: கைவீச்சு குறைவு, திரும்பும்போது உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்புகிறது, முறியாத வலது மணிக்கட்டை அசைத்தால் பல்சக்கரம் சுற்றுவது போல விட்டுவிட்டு இறுகுகிறது. தள்ளாட்டத்துக்குக் கொடுத்த மருந்தே தள்ளாட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. தலைசுற்றல் மாத்திரையை ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் முதியவர் யாராக இருந்தாலும், அதை ஏன் எடுக்கிறார் என்று அந்தக் குடும்பம் கேட்டே ஆக வேண்டும்.

நடை, பலம், சமநிலை

கைப்பிடி உள்ள, 45 செ.மீ. உயர இருக்கை கொண்ட நாற்காலி ஒன்று. அதன் முன்காலிலிருந்து 3 மீட்டரில் தரையில் ஒரு நாடா. எழுந்து, வழக்கமான வேகத்தில் நாடாவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 'டைம்டு அப் அண்ட் கோ' என்ற இந்தச் சோதனையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 12 நொடியை எல்லையாக வைக்கிறது. உலக வழிகாட்டுதல்களில் 15 நொடியைத் தாண்டினால் மெதுநடை. இவருக்கு 19 நொடி. நேரத்தைவிடப் பார்க்க வேண்டியது வேறு: முதல் முயற்சியில் எழ முடிகிறதா, திரும்ப எத்தனை அடி வைக்கிறார், நாற்காலிக்கு எட்டுமுன்பே பொத்தென்று விழுந்து உட்காருகிறாரா? இவர் திரும்ப ஏழு அடி எடுத்தார். 4 மீட்டர் நேர் நடைக்கு 6.5 நொடி, அதாவது நொடிக்கு 0.6 மீட்டர், எல்லை 0.8. சோதனையை எப்போதும் அவருடைய வழக்கமான செருப்போடும் கண்ணாடியோடும் செய்ய வேண்டும். சோதிப்பவர் பக்கவாட்டில், சற்றுப் பின்னால், கை எட்டும் தூரத்தில் கூடவே நடக்க வேண்டும்.

தொடைப் பலத்துக்கு 30 நொடி எழுந்து உட்காரும் சோதனை. 43 செ.மீ. உயர, கைப்பிடியில்லா நாற்காலி. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக நிமிர முடிகிறது? 70 முதல் 74 வயதுவரை உள்ள பெண்ணுக்குப் பத்துக்குக் கீழே என்றால் குறைவு. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். இவருக்குப் பூஜ்யம். கையை ஊன்ற அனுமதித்தபோது ஆறு.

சமநிலையில் நான்கு படி: பாதங்களைச் சேர்த்து, ஒன்றைப் பாதி முன்வைத்து, ஒரு குதிகாலைத் தொட்டு மற்றதன் பெருவிரல் என்று ஒரே கோட்டில், பிறகு ஒற்றைக் காலில், ஒவ்வொன்றும் 10 நொடி. மூன்றாம் படியில் 10 நொடி நிற்க முடியாதவருக்கு அபாயம் கூடுதல். இவர் இரண்டாம் படியில் ஏழு நொடி நின்றார், மூன்றாவதில் நிற்கவே முடியவில்லை.

பாதத்தில் 10 கிராம் நைலான் இழையால் தொட்டபோது பத்து இடங்களில் ஆறில் மட்டுமே உணர்ந்தார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் தெரியவே இல்லை. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவருக்குத் தரையின் ஈரத்தை முதலில் சொல்ல வேண்டியது பாதம்தான், அது சொல்லவில்லை. கண்ணும் ஈடுகட்டும் நிலையில் இல்லை: கண்ணாடியோடு வலது 6/24, இடது 6/18, இரண்டிலும் புரை. அணிந்திருப்பது இரட்டைக் குவியக் கண்ணாடி. படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியே பார்த்தால் படியின் விளிம்பு கலங்கித் தெரியும்.

ரத்தச் சோதனையில் சோடியம் 131, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.3, பி12 162, வைட்டமின் டி 14. ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. தயாசைடு சோடியத்தை இறக்கியிருக்கிறது. சோடியம் லேசாக இறங்கினாலே நடை தடுமாறும். 73 வயதில், கிளிமெபிரைடு எடுக்கும் ஒருவருக்கு 6.3 என்பது பாராட்ட வேண்டிய எண் இல்லை. விடியற்காலையில் சர்க்கரை இறங்கும் அபாயத்தைத்தான் அது காட்டுகிறது. பல ஆண்டு மெட்பார்மின் பி12-ஐக் குறைக்கும், பாத மரப்பில் அதற்கும் பங்கிருக்கலாம். இடுப்பு எலும்பு அடர்த்தி, இளவயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-மதிப்பில், மைனஸ் 2.9. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்ததே எலும்பு நலிந்திருப்பதன் அறிகுறி. கட்டுப் போட்ட நாளிலேயே இந்தச் சோதனைக்கு எழுதியிருக்க வேண்டும்.

பயத்தை அளக்கும் குறுகிய வினாத்தாளில் ஏழு கேள்விகள். 7 முதல் 28 வரை மதிப்பெண். 14-ஐத் தொட்டாலே பயம் மிகுதி. இவருக்கு 19. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், கொல்லைக்குத் துணையோடுதான் போகிறார். இப்படி நடமாட்டம் குறையக் குறையத் தொடை மெலியும், மெலிந்தால் விழுவது இன்னும் எளிது.

கட்டிலிலிருந்து கழிவறைவரை

வீட்டு மதிப்பீடு என்றால் வீடு முழுக்கச் சுற்றிப் பட்டியல் போடுவது என்று பலர் செய்கிறார்கள். விழுந்த வழியை, விழுந்த நேரத்து வெளிச்சத்தில், நாடாவோடு அளந்து நடப்பதுதான் பயன் தரும்.

பழைய தேக்குக் கட்டில், மெத்தையோடு 60 செ.மீ. உயரம். அவருடைய முழங்கால் உயரம் 42. விளிம்பில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. இறங்குவது என்பதே ஒரு சின்னக் குதி. விளக்குச் சுவிட்சு கதவருகே, கட்டிலிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி. அறையின் நிலைப்படி 11 செ.மீ. உயரம், ஆடியில் தடுக்கியது இதில்தான். அதன்முன் நகரும் கயிற்று மிதியடி. கூடத்தில் சிவப்புக் காவித் தரை. உலர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை, ஈரம் பட்டால் கண்ணாடி போல வழுக்கும். கொல்லைக்கு இறங்க மூன்று படி: 16, 16, 22 செ.மீ. கடைசிப் படி ஆறு சென்டிமீட்டர் ஆழமாக இருப்பதைக் கால் எதிர்பார்க்காது. மூன்றும் ஒரே சிமெண்டு நிறம். பிறகு மழையில் பாசி பிடித்த சிமெண்டு நடைபாதை. கழிவறையில் பளபளப்பான ஓடு, தரை மட்டப் பீங்கான், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. துண்டு போடும் கம்பி ஒன்று இரண்டு சின்னத் திருகாணியில் தொங்குகிறது. கதவு உட்பக்கமாகத் திறக்கிறது: உள்ளே விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது, அழுத்தச் சரிவு உள்ளவருக்கு, நாளில் மிக ஆபத்தான நிமிடம்.

மதிப்பெண் போட்டும் நடக்காத வேலை

இரண்டு நாள் வார்டில் இருந்தபோது, விழும் அபாயத்தைக் கணிக்கும் மோர்ஸ் அளவுகோலில் இவருக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். விழுந்த வரலாறு 25, இரண்டாவது நோய் 15, சலைன் ஏறுவதால் 20, தளர்ந்த நடை 10, மொத்தம் 70. 45-ஐத் தாண்டினாலே உயர் அபாயம் என்பது வழக்கம். கையில் மஞ்சள் பட்டை கட்டி, கட்டிலின் தடுப்பை ஏற்றிவிட்டார்கள். நின்ற நிலை அழுத்தத்தை யாரும் பார்க்கவில்லை. அல்பிரசோலம் வார்டிலும் தொடர்ந்தது. எண் சரியாகத்தான் வந்தது, அந்த எண்ணை வைத்து எதுவும் மாறவில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-லேயே வார்டு நோயாளிகளுக்கு இப்படி அபாயத்தைக் கணிக்கும் அளவுகோல்களை நம்ப வேண்டாம், மாற்றக் கூடிய காரணங்களை நேராகத் தேடுங்கள் என்று சொன்னது. மதிப்பீட்டுத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'என்ன மாற்றினோம், யார் செய்தார், என்றைக்கு' என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலே எழுதிய எண் கோப்புக்குத்தான் உதவும்.

என்ன, எந்த வரிசையில் மாற்றப்பட்டது

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது இன்னொரு ஆபத்து. முதல் நாளில் மூன்று மாற்றம்: சின்னரிசின் நிறுத்தம், கிளிமெபிரைடு நிறுத்தம், கூட்டு மாத்திரைக்குப் பதில் தயாசைடு இல்லாத டெல்மிசார்டன் 40 மட்டும். ரத்தக்கொதிப்பு மருந்து முழுவதையும் நிறுத்திவிடலாமே என்று மகன் கேட்டார். கூடாது. கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்பும் சரிவை மோசமாக்கும், பக்கவாத அபாயத்தையும் ஏற்றும்.

அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். அதனால் நான்கு வாரம் அரை மாத்திரை, அடுத்த நான்கு வாரம் கால் மாத்திரை, பிறகு நிறுத்தம். மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. பிரிகபாலினை அது முடியும்வரை தொடவில்லை. பி12 ஊசி தொடங்கியது. வைட்டமின் டி வாரம் 60,000 யூனிட், எட்டு வாரம் மட்டும். இந்தப் பாக்கெட்டைத் தினமும் குடிப்பவர்கள் உண்டு, மாதக்கணக்கில் நிறுத்தாதவர்களும் உண்டு. அதிக அளவு நல்லது என்று எண்ணக் கூடாது: ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த 2010 ஆஸ்திரேலிய ஆய்வில், மருந்து எடுத்த பெண்களே அதிகம் விழுந்தார்கள், அதிகம் முறித்துக்கொண்டார்கள். டி அளவு ஏறிய பின்னரே எலும்புக்கு ஸோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. நரம்பு வழியே, டி குறைந்திருக்கும்போது கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தாக இறங்கலாம். சிறுநீரக வடிகட்டும் திறனையும் முன்னரே பார்த்தாக வேண்டும்.

எழும் முறையைச் சொல்லிக்கொடுத்தது மருந்தைவிடக் குறைவானதில்லை. கண் விழித்தவுடன் படுத்தபடியே பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். எழுந்து கட்டிலைப் பிடித்தபடி முப்பது எண்ண வேண்டும். பிறகே அடி எடுத்து வைக்கலாம். மாலை ஆறுக்குப் பிறகு காபி, தேநீர் இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால் கணுக்கால் வீக்கத்தின் நீர் படுக்கும் முன்பே வெளியேறும், இரவில் எழுவது குறையும். கோலம் போட முக்காலி, குத்துக்காலிட வேண்டாம்.

கட்டில் காலைத் தச்சர் 15 செ.மீ. குறைத்தார். தானாக எரியும் சிறு விளக்குகள் இரண்டு, ஒன்று படுக்கையருகே, ஒன்று நிலைப்படியில். மிதியடி அகற்றப்பட்டது. படி விளிம்புகளில் 5 செ.மீ. அகல மஞ்சள் பட்டை. கடைசிப் படியின் கீழே சிமெண்டு போட்டு உயரம் சமமாக்கப்பட்டது. பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். கழிவறைச் சுவரில் 35 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத கைப்பிடி, சுவருக்குள் நீளப் போல்ட்டு இறக்கி. உறிஞ்சிக் கப்பால் ஓட்டில் ஒட்டும் பிடிகள் எடையோடு இழுத்தால் கழன்றுவிடும். பீங்கானின் மேல் வைக்கும் கமோடு ஸ்டூல். கதவு வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றப்பட்டது. இரவுக்குக் கட்டிலருகே நகரும் கமோடு நாற்காலி. இதற்குத்தான் அவர் நெடுநேரம் சம்மதிக்கவில்லை; சாமிப்படம் இருக்கும் அறையில் வேண்டாம் என்றார். படத்தைக் கூடத்துக்கு மாற்றியதும் ஒத்துக்கொண்டார். இப்படிப்பட்ட தடையைக் கேட்காமல் வாங்கி வைக்கும் கருவிதான் பரணுக்குப் போகிறது.

உடற்பயிற்சிக்கு நியூசிலாந்தின் ஒடாகோ திட்டத்தைத் தழுவிய முறை, வாரம் மூன்று நாள், அரை மணி. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்தல் பத்துப் பத்தாக இரண்டு முறை. நாற்காலியிலிருந்து எழுதல் ஐந்தில் தொடங்கிப் பத்துவரை. பக்கவாட்டு நடை பத்து அடி. ஒரே கோட்டில் நிற்றல், முதலில் இரு கை பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி. பிடியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எளிதாக இருக்கும் பயிற்சி சமநிலையை வளர்க்காது. 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, வீட்டில் வாழும் முதியவர்களிடம் உடற்பயிற்சி விழுதலை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்கிறது. ஆனால் 'தினமும் வேகமாக நடங்கள்' என்ற அறிவுரை இவருக்குப் பொருந்தாது. கை எலும்பு முறிந்த பெண்களை வேகநடைக்கு அனுப்பிய 1997 பிரிட்டிஷ் ஆய்வில் நடந்தவர்களே கூடுதலாக விழுந்தார்கள். முதலில் சமநிலை, பிறகு நடை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவதால், போக்குவரத்து இல்லை என்று பயிற்சியை விட வேண்டியதில்லை.

மருமகளுக்கும் பேத்திக்கும் தனியாக ஒரு மணி நேரம். விழுந்தவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தலையில் அடியா, இடுப்பில் வலியா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பக்கவாட்டில் புரட்டி, முழங்காலும் கையும் ஊன்றி, முன்னால் நாற்காலி வைத்து, பலமான காலை முதலில் ஊன்றி அவராகவே எழ வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே தசை நைந்து சிறுநீரகம் பாதிக்கலாம். பொத்தான் கைபேசி அவருடைய சுருக்குப்பையில், ஒன்றை அழுத்தினால் மகனுக்குப் போகும்படி.

பன்னிரண்டு வாரத்தில்

இரண்டாம் வாரம் சோடியம் 136, நின்ற நிலைச் சரிவு 16. ஏழாம் வாரம் வலது கண்ணில் புரை அறுவை. முதல் கண்ணுக்குச் செய்யும் அறுவை விழுதலைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்ததே. வெளியே போகத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி. பன்னிரண்டாம் வாரம் எழுந்து நடக்கும் சோதனை 14 நொடி, கையை ஊன்றாமல் எட்டு முறை எழுகிறார், ஒரே கோட்டில் ஆறு நொடி நிற்கிறார். இரவில் எழுவது இரண்டு முறை. எச்பிஏ1சி 7.1, இவருக்கு இது ஏற்புடையது. பயத்தின் மதிப்பெண் 12. இன்னும் விழவில்லை, மூன்றாம் வாரம் ஒரு முறை தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார், அன்று அரை மாத்திரை அல்பிரசோலத்தை முழுதாகப் போட்டிருந்தார்.

கைவீச்சு திரும்பியிருக்கிறது, ஆனால் மணிக்கட்டின் இறுக்கம் முழுதாகப் போகவில்லை. சின்னரிசினால் வந்தது என்றால் தேறப் பல மாதம் பிடிக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் இருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மோசமானால், உண்மையான பார்க்கின்சன் நோயா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். பாத மரப்பு அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்குள்ளும் பின்பட்டை உள்ள, மெல்லிய, வழுக்காத அடிப்பாகம் கொண்ட செருப்பு தொடர்கிறது. பிரிகபாலினைக் குறைப்பது அடுத்த மாதம். படுத்தும் நின்றும் எடுக்கும் அளவு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தாலும் இரண்டாம் வாரமே இன்னொரு முறை.